புலி வருஷத்துப் பெண்கள்

நெகிரி செம்பிலான் மாநிலத்துச் சிரம்பான் பட்டணத்திலிருந்து கோலப்பிலாவுக்குப் போகும் சாலையில், பட்டணம் ஓய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கத் தொடங்கும் இடத்திலே இருக்கிறது அம்பாங்கான். மலாய் மொழியில் அச்சொல்லுக்கு அணை என்று பொருள். அணையையும் இன்று தேடவேண்டும். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரமெங்கும் நிழல் விரித்து நின்ற கித்தா (ரப்பர்) மரங்களையும் தேடவேண்டும். தோட்டத் தொழிலாளரின் லயங்கள் இருந்த இடங்களில் தாமான் வீடுகள் வரிசை பிடித்து நிற்க, பெரட்டுக்களத்தில் இருட்டோடு பெயர் கூப்பிடக் கேட்டுப் பழகிய பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் இப்போது மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்துக் கலியாண மண்டபம் எதிலேனும் நீங்கள் பந்திக்குக் காத்து உட்கார்ந்திருந்தால், முன்வரிசையில், பட்டுப்புடவை உடுத்திக் குங்குமம் இட்டு மூக்குத்தி மினுங்க, தாம்பாளத்தை யார் வாங்குவது, ஆரத்தியை யார் சுற்றுவது என்று இளையவர்களுக்கு ஆணையிட்டுக்கொண்டிருக்கும் மூதாட்டி ஒருத்தியைக் காணக்கூடும். முகத்தைப் பார்த்தால் சீனம். வாயைத் திறந்தால் கலப்பற்ற தோட்டத்துத் தமிழ். புதிதாக வந்தவர்தான் இரண்டு முறை திரும்பிப் பார்ப்பார். ஊர்க்காரர்கள் பார்ப்பதில்லை, ஏனெனில் அவர்களுக்கு அவள் அத்தை, அல்லது பெரியம்மா, அல்லது வெறுமே ‘சீனத்தி ஆயா’. அவளுக்குத் தெரிந்த தாய்மொழி தமிழ். தெரிந்த தெய்வம் மாரியம்மன். சந்தையிலே காய் விற்கும் சீனன் அவளைக் கண்டு கண்டோனீஸ் பாஷையில் விலை சொல்ல, அவள் மலாயில் பேரம் பேச, அவன் விழிக்க, அவள் சிரிக்க, இந்த நாடகம் அறுபது வருஷமாக அலுக்காமல் நடந்துகொண்டிருக்கிறது. அரசாங்க அலுவலகத்தில் எண் வரும்வரை காத்திருக்கும்போது, மாரியம்மாள் என்றோ முனியம்மாள் என்றோ, அதற்குப் பின் இன்னாரின் ‘அனாக் பெரெம்புவான்’ (மகள்) என்று தகப்பன் பெயரும் சேர்த்துக் கூப்பிட, எழுந்து வருகிறவளைக் கண்டு குமாஸ்தா, “உங்களை இல்லை அம்மா, இந்தப் பெயருக்குரியவரை” என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்வதும் இல்லை. அடையாளக் கார்டை எடுத்து மேசைமேல் வைப்பாள்; அவ்வளவுதான்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும், சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் தொடங்கி எழுபதுகள் வரையில், சீனக் குடும்பங்களிலே பிறந்த பெண் சிசுக்கள் தமிழ்க் குடும்பங்களின் கைக்கு மாறி, தமிழச்சிகளாகவே வளர்ந்து, தமிழர்களையே மணந்து, தமிழ்ப் பேரன் பேத்திகளைக் கண்டிருக்கிறார்கள். எத்தனை பேர் என்று கணக்கெடுத்தவர் இல்லை. ஆனால் நெகிரி செம்பிலானின் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களில், உறவிலோ அண்டை அயலிலோ இப்படி ஒருத்தியைக் காணாத குடும்பத்தைத் தேடிப் பிடிப்பதுதான் சிரமம். இது தெரிந்த செய்தி. தெரிந்த செய்தி என்பதனாலேயே நாம் இதைப் பற்றி யோசித்ததில்லை என்பதுதான் என் குறை.

யோசிக்கவேண்டிய காரணத்தைச் சொல்கிறேன். இந்த நாட்டில் மூன்று இனத்தாரும் ஒருவரைப் பற்றி ஒருவர் அபிப்பிராயம் இல்லாமல் இருந்த காலம் கிடையாது. சீனனுக்குப் பணமே உறவு, பிள்ளையையும் தராசில் வைத்துப் பார்ப்பான் என்றான் தமிழன். கறுத்தவன், கள்ளுக் குடிப்பவன், நெருங்காதே என்றான் சீனன். அழும் குழந்தையை அடக்கவேண்டுமானால், லயத்திலே, “போத்தல் வாங்க வர்ற சீனன் சாக்குல போட்டுக்கிட்டுப் போயிருவான்” என்றோ, “வங்காளி பிடிச்சுக்கிட்டுப் போயிருவான்” என்றோ (தலைப்பாகை கட்டிய பஞ்சாபியருக்கு நம்மவர் இட்ட பெயர் அது, அவர் வங்காளத்தவர் அல்லர்) தாய்மார் பயமுறுத்தினர். சீனக் கம்பத்தில் (கிராமத்தில்) அதே வேளையில் அதே தந்திரத்துக்குப் பயன்பட்ட பூச்சாண்டி யார் என்று நினைக்கிறீர்கள்? கறுத்த தமிழன்தான். எந்தத் தமிழன் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று தன் மூத்த பிள்ளைகளை மிரட்டினாளோ, அந்தத் தமிழனின் வாசலைத் தேடிவந்து, பிறந்து சில நாளே ஆன கடைசிப் பெண்ணை அவன் மனைவியின் மடியில் வைத்துவிட்டுப் போனாள் அந்தச் சீனத் தாய். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

முதலில் அவள் பக்கத்தைப் பார்ப்போம். ஏனெனில் நம் வீட்டுக் கதைகளில் அவளுக்கு நியாயம் கிடைப்பதே இல்லை. ‘பெத்தவ தூக்கி வீசிட்டா, நாம எடுத்து வளர்த்தோம்’ என்று ஒரே வாக்கியத்தில் அவளைத் தீர்த்துவிடுகிறோம்.

சீனரின் வருஷச் சக்கரத்தில் பன்னிரண்டு மிருகங்கள் உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புலி வரும். 1926, 1938, 1950, 1962, 1974 ஆகியவை புலி வருஷங்கள். புலியிலே பிறந்த பெண் புருஷனை விழுங்குவாள், மாமியாரை மீறுவாள், பிறந்த வீட்டுக்கும் ஆகாது என்பது பழைய நம்பிக்கை. அத்தகைய பெண்ணுக்கு வரன் தேடுவது, நம்மூரில் மூல நட்சத்திரத்துப் பெண்ணுக்கு வரன் தேடுவது போன்ற விவகாரம். புலி வருஷம் அல்லாவிட்டாலும், குழந்தையின் ஜாதகம் தகப்பனின் ஜாதகத்தோடு மோதுகிறது என்று கோயில் பூசாரி சொல்லிவிட்டால், அதை வேறு குடும்பத்துக்கு, கூடுமானால் வேறு இனத்துக்கே கொடுத்துவிடுவது இருவருக்கும் க்ஷேமம் என்று கருதினார்கள். ஜாதகத்தைக் காட்டிலும் பெரிய காரணம் வறுமை. 1933-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் அந்நியர் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து சீன ஆண்கள் வந்திறங்குவதற்கு வரம்பு கட்டியது. பெண்களுக்கு 1938 வரையில் அந்த வரம்பு கிடையாது. அதன் பயனாகப் பெருந்திரளான சீனப் பெண்கள் இங்கு வந்து, ஈயம் அலசியும், சிறு தோட்டங்களில் பால் வெட்டியும், பன்றியும் காய்கறியும் வளர்த்தும், குடும்பமாக வேரூன்றினர். ஆண்டுக்கு ஒரு பிரசவம். ஏழாவதும் எட்டாவதும் பெண். வெட்டுக்குப் போகாவிட்டால் அரிசி கிடையாது. அப்படிப்பட்ட குடிசையில் ஒரு பெண் சிசுவை வைத்துக்கொண்டு தாயானவள் என்ன செய்வாள்?

அவளுக்குச் சில வழிகள் இருந்தன. கன்னியாஸ்திரீகளின் மடத்து வாசலிலே விட்டுவிடலாம். சிங்கப்பூரில் 1854-ஆம் ஆண்டு முதல் இயங்கிய குழந்தை இயேசு மடத்தில் இதற்கென்றே ஒரு சிறு வாசல் இருந்தது. அல்லது வசதியுள்ள சீனர் வீட்டுக்கு ‘மூய் சாய்’ ஆகக் கொடுக்கலாம். மூய் சாய் என்றால் சின்னத் தங்கை என்று அர்த்தம். பெயரில் இருந்த பாசம் வாழ்க்கையில் இருக்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கப்பட்ட அந்தச் சிறுமிகள் கூலியில்லாத வேலைக்காரிகளாக அடியும் உதையும் பட்டதும், சிலர் அதனினும் கொடிய இடங்களுக்கு விற்கப்பட்டதும் இங்கிலாந்து வரையில் எட்டி, 1930-களில் சட்டங்கள் பிறந்தன. உட்ஸ் என்பவர் தலைமையில் ஒரு விசாரணைக் கமிஷன் ஹாங்காங்குக்கும் மலாயாவுக்கும் வந்து சாட்சி கேட்டது. அந்தக் கமிஷனில் இருந்த ஒரே பெண்மணி எடித் பிக்டன்-டர்பர்வில், மற்ற இருவரோடு உடன்படாமல், இப்படிக் கைமாறும் எல்லாச் சிறுமிகளையுமே சட்டம் பாதுகாக்கவேண்டும் என்று தனி அறிக்கை எழுதினார். அரசாங்கம் கமிஷன் வைத்துக் கண்டுபிடித்ததைச் சீனக் கம்பத்துத் தாய் கமிஷன் இல்லாமலே அறிந்திருந்தாள். தன் இனத்தாரிடம் கொடுத்தால் பெண் வேலைக்காரியாவாள். பக்கத்துத் தோட்டத்துத் தமிழனிடம் கொடுத்தால் மகளாவாள். தமிழருக்குக் குழந்தை என்றால் உயிர், பெண் குழந்தையானாலும் தூக்கிக் கொஞ்சுவார்கள் என்ற பேச்சு சீனர்களிடையே பரவியிருந்தது. வாய்மொழியாகத் தங்கள் கதையைச் சொல்லியிருக்கும் அத்தகைய பெண்கள் பலரும், தங்களைப் பெற்றவர்கள் இந்தியக் குடும்பத்தை நாடியதற்கு இக்காரணத்தையே கூறுகிறார்கள்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது. பெண் குழந்தையைக் கொண்டாடுகிறவன் தமிழன் என்று சீனத்தி நம்பினாள்! நாம் விட்டுவந்த தேசத்தில், பெண் பிறந்தால் முகம் சுளிப்பது போதாதென்று, சில ஜில்லாக்களில் சிசுவின் வாயில் கள்ளிப்பால் வார்த்த கொடுமை நடந்து, அதைத் தடுக்க 1992-ல் தமிழ்நாட்டு அரசாங்கமே சேலத்தில் தொட்டில் வைத்து, வேண்டாத பெண்ணை இங்கே விட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொள்ளவேண்டியதாயிற்று. அந்த ஜனங்களின் ரத்தமேதான் நம் லயத்து ஜனங்கள். ஆனாலும் சீனத்தியின் நம்பிக்கை பொய்க்கவில்லை. கடல் தாண்டி வந்தபின், வரதட்சிணை கேட்கும் பங்காளியும், கொள்ளி வைக்க ஆண்பிள்ளை வேண்டும் என்று நச்சரிக்கும் கிழவிகளும் குறைந்துபோன லயத்தில், பெண்ணும் ஆணுக்குச் சமமாக மங்கு துடைத்துப் பால் எடுத்துச் சம்பாதிக்கும் நிலையில், பெண் ஒரு சுமை என்ற எண்ணம் தானாகவே தளர்ந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம். மண் மாறினால் மனிதனும் கொஞ்சம் மாறுகிறான்.

கொடுத்தல் எப்படி நடந்தது என்பதற்கு ஒரே சம்பிரதாயம் இல்லை. பெரும்பாலும் நடுவில் ஒரு மருத்துவச்சி இருப்பாள். அல்லது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர். அல்லது தோட்டத்துக்கு மளிகைச் சாமான் கொடுக்கும் சீனக் கடைக்காரன். பிள்ளை இல்லாத தம்பதி இன்ன லயத்தில் இருக்கிறார்கள் என்று கடைக்காரனுக்குத் தெரியும். கம்பத்தில் இன்னாருக்கு எட்டாவது பெண் என்பதும் அவனுக்குத் தெரியும். கடன் புத்தகம் எழுதும் அதே மேசையில் காரியம் முடியும். சிவப்புக் காகிதத்தில் சுற்றிய ஆங்பாவ் ஒன்று, சில வெள்ளிக் காசுகள், பெற்றவளின் உடம்பு தேறச் சில கோழிகள். இவை விலையா, மரியாதையா என்று கேட்டால், கொடுத்தவனும் வாங்கினவனும் ஒரே பதில் சொல்லமாட்டார்கள். எதுவும் வாங்காமலே கொடுத்தவர்கள் உண்டு. காசு எண்ணி வாங்கியவர்களும் உண்டு. அதை மறைத்து இந்தக் கட்டுரையை வெண்மையாக்க எனக்கு விருப்பமில்லை.

தமிழ்த் தம்பதியின் பக்கத்திலும் முழுக்கக் காருண்யமே இருந்தது என்று சொல்வதற்கில்லை. ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் வயிற்றிலும் ஒரு பிள்ளை உண்டாகும் என்பது நம்மவரின் நெடுநாள் நம்பிக்கை. அந்த ஆசையில் எடுத்தவர்கள் அநேகர். வயதான காலத்தில் கஞ்சி ஊற்ற ஒரு பெண் வேண்டும் என்று எடுத்தவர்கள் உண்டு. சொந்தப் பிள்ளை பிறந்தபின் எடுத்த பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் அடுப்படியில் நிறுத்தியவர்களும் இருந்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் நிற்பது சிறிதன்று: நாள் கூலிக்கு உழைத்த மனிதர்கள், தங்களுக்கு எவ்விதத்திலும் கடமைப்படாத ஒரு குழந்தைக்கு, அதுவும் தங்கள் முகச்சாயலே இல்லாத குழந்தைக்கு, காது குத்தி, மொட்டையடித்து, மடியில் உட்காரவைத்து மாமன் சீர் செய்தார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் சற்று உரக்கவே சொல்லவேண்டும். அந்தக் காலத்துத் தோட்டங்களில் ஜாதிக்கு ஒரு லயம் இருந்தது. மேல் லயத்துக்காரன் கீழ் லயத்தில் தண்ணீர் குடிக்கமாட்டான். அங்கே அநாதையாக நின்ற தமிழ்க் குழந்தையை எடுத்து வளர்க்க அவனுக்கு மனம் வராது. ஆனால் சீனக் குழந்தையை எடுத்தான். ஏன்? சீனக் குழந்தைக்கு ஜாதி இல்லை. எந்தத் தகப்பன் தூக்கிக்கொண்டானோ அவன் ஜாதியே அதன் ஜாதி. பத்தடி தூரத்தில் இருந்த சகோதரனுக்குத் திறக்காத கதவு, பாஷை தெரியாத அந்நியனின் மகளுக்குத் திறந்தது. அந்நியன் மீதுள்ள அச்சத்தை வென்ற தமிழன் அண்டைவீட்டான் மீதுள்ள அருவருப்பை வெல்லவில்லை. இதைச் சொல்லாமல் சீனத்தி ஆயாவின் கதையைச் சொல்லுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்லுகிறார்கள்.

யுத்த காலம் வந்தது. 1942-ன் தொடக்கத்தில் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்துக்கொண்டதும், சீனர்களைச் சுட்டு வீழ்த்துவதைத் தங்கள் ராணுவ தருமமாகக் கொண்டனர். அந்தக் கொலைகள் மிக அதிகமாக நடந்த மாநிலங்களில் நெகிரி செம்பிலானும் ஒன்று. அம்பாங்கானைத் தாண்டி மலைக்கு அப்புறம் இருக்கும் கோலப்பிலாவின் அருகே பாரிட் திங்கி என்ற கிராமத்திலும், ஜெலுபுவில் தீத்திக்குப் பக்கத்தில் யூ லாங் லாங் என்ற குடியிருப்பிலும், அவ்வருஷம் மார்ச் மாதத்தில், இரண்டே நாள் இடைவெளியில், ஆண் பெண் குழந்தை என்ற பேதமின்றி ஊரையே கொன்றொழித்தார்கள். சீன முகம் என்பதே மரணதண்டனையாக இருந்த அந்நாட்களில், தமிழன் வீட்டிலோ மலாய்க்காரன் வீட்டிலோ இருந்தால் பிழைக்கும் என்று குழந்தைகளைக் கொடுத்தவர்கள் உண்டு. நெற்றியில் பொட்டும், கையில் கறுப்பு வளையலும், இடுப்பில் அரைஞாணும் அந்தக் குழந்தைகளுக்கு அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை. அதே லயங்களிலிருந்து தமிழ் ஆண்களை வாரிக்கொண்டுபோய்ச் சயாம் மரண ரயில் பாதையில் மூங்கில் காட்டுக்கும் காலராவுக்கும் இரையாக்கினார்கள் என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். கணவன் திரும்பி வருவானா என்று தெரியாமல், மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தன் பிள்ளைகளுக்கு எண்ணிக் கொடுத்த பெண், பிறத்தியார் பிள்ளைக்கும் அதில் ஒரு துண்டு வைத்தாள்.

யுத்தம் முடிந்தபின் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியும் அவசரகாலமும். 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்துச் சீனர்களை முள்கம்பிக்குள் அடைத்துப் புதுக்கிராமங்கள் எழுந்தன. கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே இருந்த ஒற்றையடிப் பாதைகள் அடைபட்டன. பெற்றவளைப் பார்க்க முடிந்தவர்கள் சிலர். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சும் ஆடையும் வந்து, தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் போய், இரு வீட்டாரும் சம்பந்திகளைப் போலப் பழகினதும் உண்டு. ஆனால் பெற்றவள் மனம் மாறித் திரும்பக் கேட்டுவிடுவாளோ என்ற அச்சத்தில், இரவோடு இரவாக ரந்தாவுக்கோ லாபுவுக்கோ பகாவுக்கோ தோட்டம் மாறிப் போய்விட்ட வளர்ப்புத் தாய்மாரும் உண்டு. அந்தத் திருட்டுத்தனத்தைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை.

சிங்கப்பூரில் அதே 1950-ல் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். யுத்த காலத்தில் மலாய்ப் பெண்மணி அமினா எடுத்து வளர்த்த மரியா ஹெர்டோக் என்ற டச்சுச் சிறுமியை, பெற்றோர் திரும்பக் கேட்டு வழக்காட, நீதிமன்றம் பெற்றோருக்குத் தீர்ப்பளிக்க, டிசம்பர் 11-ஆம் தேதி மூண்ட கலகத்தில் 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. மதமும் இனமும் மாறி வளர்ந்த ஒரு பெண்ணைப் பற்றி ஊரே எரிந்த அந்த டிசம்பர் ஒரு புலி வருஷத்தின் டிசம்பர். அதே ஆண்டில் தோட்டப்புறங்களில் எத்தனையோ சிசுக்கள் சத்தமில்லாமல் இனம் மாறித் தொட்டிலில் உறங்கின. எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. சண்டை நடந்தால்தான் செய்தி என்பது நம் தொழிலின் சாபம்.

மலாய்க்காரர்களை விட்டுவிட்டு இந்த மாநிலத்தைப் பற்றி எழுதுவது தகாது. சீனப் பெண் குழந்தைகளை எடுத்து வளர்ப்பதில் தமிழருக்கு அவர்கள் இளைத்தவர்களல்லர். ஜூடித் ஜமூர் என்னும் ஆராய்ச்சியாளர் சிங்கப்பூர் மலாய்க் குடும்பங்களைப் பற்றி 1959-ல் வெளியிட்ட நூலிலே இவ்வழக்கத்தை விவரித்திருக்கிறார். நெகிரி செம்பிலானில் இதற்கு இன்னுமொரு விசேஷம் உண்டு. மினாங்கபாவிலிருந்து வந்து குடியேறிய இம்மக்களின் ‘அடாட் பெர்பாத்தே’ என்ற குலமரபில், நிலமும் வீடும் தாய்வழியே மகளுக்குப் போகும். பன்னிரண்டு ‘சுகு’ எனும் குலங்களில் ஒன்றில் சேராதவன் ஊரில் சேர்ந்தவனாகான். அயலாரைக் குலத்தில் சேர்ப்பதற்கு ‘கெடிம்’ என்ற சடங்கை வைத்திருக்கிறார்கள். குலப் பெரியவர்களின் முன்னிலையில், விருந்திட்டு, இன்று முதல் இவள் நம்மவள் என்று ஊரறியச் சொல்லிவிட்டால், ரத்தத்தைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது. மகள் இல்லாவிட்டால் நிலத்துக்கு வாரிசு இல்லை என்று ஏங்கும் சமூகமும், மகளை வைத்துக்கொள்ள வழியில்லாத சமூகமும், மகள் என்றால் இரண்டு மனமாக இருந்துவந்த நம் சமூகமும், ஒரே சாலையின் பக்கங்களில் அடுத்தடுத்துக் குடியிருந்தன.

சட்டம் எல்லாவற்றுக்கும் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. 1952-ல்தான் தத்தெடுப்புக்கும் அதைப் பதிவு செய்வதற்கும் மலாயாக் கூட்டரசில் சட்டங்கள் ஏற்பட்டன. கோர்ட்டுக்குப் போகத் தெரியாத தோட்டத்து ஜனங்கள், தாங்களே பெற்றதாகச் சொல்லிப் பிறப்புப் பத்திரம் எடுத்துவிட்டார்கள். அது முடியாதவர்கள் பத்திரமே எடுக்கவில்லை. பத்திரமில்லாத பெண்ணுக்கு நீல அடையாளக் கார்டு கிடைக்காது. சிவப்புக் கார்டோடு, பிறந்த நாட்டிலேயே அந்நியளாக, அரசாங்க மருத்துவமனையில் அந்நியருக்குரிய கட்டணம் கட்டி முதுமையடைந்தவர்கள் உண்டு. அன்பு செய்த வேலையைக் காகிதம் செய்யத் தவறிற்று.

இவையெல்லாம் பழங்கதை, இந்தக் காலத்தில் யார் யாருக்குச் செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இரண்டே சம்பவங்கள் சொல்கிறேன். 2022 ஜனவரியில் மலேசியப் பத்திரிகைகள் ஒரு சீன மூதாட்டியைப் பற்றி எழுதின. பெயர் சீ ஹோய் லான், வயது 83, மணமாகாதவர், பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், தம் பள்ளியில் துப்புரவு வேலை செய்த இந்தோனேசியப் பெண் இரண்டு மாதக் குழந்தையை விட்டுவிட்டு ஊர் திரும்பிவிட, அதை எடுத்து வளர்த்தார். வளர்த்ததைக் காட்டிலும், வளர்த்த விதம்தான் நாட்டைத் திடுக்கிட வைத்தது: குழந்தை முஸ்லிமாகப் பிறந்தது என்பதற்காக, அதற்கு ஹலால் உணவே கொடுத்து, சமய வகுப்புக்கும் அனுப்பி, தம் மதத்தின் வாடை படாமல் முஸ்லிமாகவே ஆளாக்கினார். இனத் துவேஷத்தைத் தொழிலாகக் கொண்ட அரசியல்வாதிகள் அந்த வாரத்தில் பேச ஒன்றுமில்லாமல் இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் இருபத்திரண்டு வயதுவரை குடியுரிமை இல்லை என்பது, மேலே சொன்ன காகித வியாதி இன்னும் தீரவில்லை என்பதற்கு அத்தாட்சி.

மற்றொன்று, அதற்கு ஒரு மாதம் முந்தியது. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி பெய்த பேய் மழையில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா கூரைவரை மூழ்கியது. பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் அடுப்பு மூட்டி, பெரிய பெரிய அண்டாக்களில் சைவ உணவு சமைத்து, கேட்பவர் எந்த மதம் என்று பாராமல் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். சமையலில் சீக்கியரோடு மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் சேர்ந்துகொண்டார்கள். பிள்ளை பிடிக்க வருவான் என்று நம் பாட்டிமார் பயங்காட்டிய அதே ‘வங்காளி’யின் கைச் சப்பாத்தியை, மொட்டைமாடியில் இரண்டு நாள் பட்டினி கிடந்த தமிழ்க் குழந்தைகளும் தின்றிருக்கவேண்டும்.

அம்பாங்கானுக்குத் திரும்புவோம். அந்தக் கலியாண மண்டபத்து மூதாட்டி 1950-ன் புலியில் பிறந்தவளானால் அவளுக்கு இப்போது எழுபதின் நடுவயது. 1938-ன் புலியானால் தொண்ணூறை நெருங்குகிறாள். பெற்றவள் இறந்திருப்பாள், வளர்த்தவளும் இறந்திருப்பாள், நடுவில் நின்ற மருத்துவச்சியும், கடைக்காரனும், கடன் புத்தகமும் இல்லை, தோட்டமே இல்லை. எந்தக் கம்பத்திலிருந்து, எந்த வருஷம், யார் கையால் வந்தாள் என்பது, அவள் காதில் எப்போதோ விழுந்த அரைகுறை வார்த்தைகளாக அவளிடம் மட்டும் இருக்கிறது. வளர்த்தவர்கள் மனம் நோகுமே என்று அவள் கேட்டதில்லை. அவள் மனம் நோகுமே என்று நாம் கேட்டதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாருடைய வீட்டிலேனும் அப்படி ஓர் ஆயாவோ அத்தையோ இருந்தால், இந்த வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு விருப்பமிருந்தால் மட்டும், கேளுங்கள். தோட்டத்தின் பெயர், வெட்டுக்காட்டு எண், பக்கத்துச் சீனக் கம்பத்தின் பெயர், தூக்கிவந்த நாளைப் பற்றி வளர்த்த அம்மா என்ன சொன்னாள் என்பது, இவற்றைச் சொன்னபடியே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தேதியிட்டு, அவள் புகைப்படத்தோடு வையுங்கள்.

பெற்றவளைப் பற்றி அவள் ஏதேனும் சொன்னால், அதை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.